நீலத் தாள்

வலி பல்லில் இல்லை என்று டாக்டர் சொன்னார். பெரியவர் நம்பவில்லை. பல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதா?

பிழைப்பே பல்தான். பல் செட் செய்யும் லேப் அவருடையது. அவருடையதும் தம்பியுடையதும். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர்கள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பார்கள். மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, ராவி, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார்கள். ஊரில் பாதிப் பேர் நம் பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அப்பா சொல்வதுண்டு. லேபை ஆரம்பித்தவர் அவர். அவர் இருந்தபோது எல்லோரும் இவரைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டார்கள். அப்பா போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது.

வலி கீழ்த்தாடையில், இடது கடைவாயில். தொட்டால் வலிக்கவில்லை. தட்டினால் வலிக்கவில்லை. காலையில் எழுந்ததும் அங்கிருந்து ஒரு கம்பி காதுவரை இழுத்தது. காதிலிருந்து நெற்றிப்பொட்டுக்கு ஏறியது. மதியத்துக்குள் கழுத்தில் இறங்கித் தோளில் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"கல்லு மாதிரி நிக்குது. இதைப் பிடுங்கச் சொல்றீங்க."

"முதல் ரெண்டும் இப்படித்தான் நின்னுச்சு டாக்டரம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

முதல் பல்லை இந்த டாக்டர்தான் எடுத்தார். அதில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது. பெரியவர் விடாமல் கேட்டதால் அரை மனதோடு எடுத்தார். சில நாள் சுகமாக இருந்தது. பிறகு வலி பக்கத்து வீட்டுக்குக் குடிபோவது போல அடுத்த பல்லுக்குப் போனது. அதை எடுக்க டாக்டர் மறுத்துவிட்டார். பெரியவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே கேள்வி கேட்கமாட்டார்கள். பிடுங்கிய பல்லைப் பஞ்சில் வைத்து அவரிடம் நீட்டினார்கள். நல்ல பல். வேர் இரண்டும் வெளுத்து, சுத்தமாக, ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் இருந்தது. இத்தனை அழகான வேரை அவர் மாவில்கூட வார்த்ததில்லை. காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இப்போது மூன்றாவது. இடது பக்கம் கீழே மிச்சமிருக்கும் கடைவாய்ப் பல் இதுதான். இதுவும் போனால் அந்தப் பக்கம் மெல்ல ஒன்றும் இல்லை. செட்டுதான். செட்டு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குச் செய்தவர்.

வேறு டாக்டர்களிடமும் போய்வந்திருந்தார். காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். கழுத்து எலும்பைப் படம் எடுத்தவர், வயசுக்கு நன்றாக இருக்கிறது என்றார். ரத்த அழுத்தம் மட்டும் ஏறியிருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வயிறு எரிந்தது. அதற்கு ஒரு மாத்திரை. எல்லா உறுப்பும் நன்றாக இருந்தது. அவர்தான் நன்றாக இல்லை.

பல் டாக்டர் எழுந்து வந்து அவர் இரண்டு கன்னத்திலும் விரல்களை வைத்தார்.

"கடிங்க."

கடித்தார்.

"விடுங்க."

விட்டார். டாக்டர் விரலை எடுக்கவில்லை.

"விடுங்கன்னு சொன்னேன்."

"விட்டுட்டேனே."

"விடல. மூட்டை தூக்கறவர் தோள் மாதிரி இருக்கு இந்தச் சதை. நாள் முழுக்கக் கடிக்கிறீங்க. தூங்கும்போது அதைவிட அதிகமாக் கடிக்கிறீங்க. அந்தச் சதை வலியைத்தான் பல்லு காதுன்னு தேடிட்டு இருக்கீங்க."

"நான் எதையும் கடிக்கலையே."

"அதான் சொல்றேன். எதுவுமில்லாமக் கடிக்கிறீங்க."

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக் கூடாது என்றார் டாக்டர். உதடு மூடியிருக்கும், பல் விலகியிருக்கும். அதுதான் வாய் ஓய்வெடுக்கும் நிலை. பெரியவர் முயன்று பார்த்தார். தாடை தொங்கிப்போனது போல, யாருடைய வாயோ போல இருந்தது. உடனே மூடிக்கொண்டார்.

"வீட்டுல ஏதாவது கவலையா?"

"வீட்டுல யாருமில்ல டாக்டரம்மா. கவலைப்படவும் ஆள் வேணுமே."

டாக்டர் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பது பேச்சுக்குச் சொல்வது, யாரும் நிஜமாகவே செய்யக் கூடாது என்றார். மனசில் இருப்பதை இறக்கிவைக்காவிட்டால் உடம்பு தூக்கும், உங்கள் உடம்பு தாடையில் தூக்குகிறது என்றார். இந்தப் பல்லை எடுத்தால் வலி மேல்வரிசைக்கு ஏறும். அதையும் எடுத்துவிட்டு வருவீர்களா?

பெரியவர் நாக்கால் மேல்வரிசையைத் தடவிப் பார்த்தார்.

மேல்வரிசையில் மாட்டும் ஒரு தட்டு செய்துதரலாம் என்றார் டாக்டர். இரவில் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். பல்லாவது தேயாது. அச்செடுத்தார். அச்செடுக்கும் கலவையின் புதினா வாசனையை முதல் தடவையாகத் தன் வாய்க்குள் உணர்ந்தார் பெரியவர்.

"உங்க லேபுக்கே அனுப்பிடறேன்."

"வேணாம். வேற எங்கயாவது."

"வேற யார் செஞ்சாலும் நாலு குத்தம் கண்டுபிடிப்பீங்க. பேர் போடாம அனுப்பறேன். போதுமா?"

தட்டு செய்வது சின்னவர் வேலை. அதைத்தான் பெரியவர் யோசித்தார். ஆனால் பேர் இல்லாத வாய் ஒரு வாய்தானே. சரி என்றார்.

*

லேபில் ஒரே நீள மேசை. சன்னல் பக்கம் பெரியவர். கதவுப் பக்கம் சின்னவர். நடுவில் அப்பா உட்கார்ந்த நாற்காலி. அதில் இப்போது மாவு மூட்டை இருக்கும்.

அண்ணனும் தம்பியும் பேசி மூன்று வருடம். அதனால் வேலை நின்றதில்லை. பெரியவர் முழு செட் செய்தார். சின்னவர் தட்டும் கம்பியும் செய்தார். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போக வேண்டிய அச்சுக்கு மேசை நடுவில் ஓர் இடம் இருந்தது. வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். எங்கே ராவ வேண்டும் என்று பென்சிலால் மாவின் மேல் ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

அம்புக்குறியில் அடங்காததை அக்கா சுமந்தார். பாலிஷ் போடும் பெண்மணி. இருவரையும்விட இளையவர். ஆனாலும் இருவருக்கும் அக்காதான்.

"மெழுகு தீந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்கக்கா" என்பார் சின்னவர். பெரியவர் மூன்று முழத் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்.

"பெரியவரே, மெழுகு தீந்துபோச்சாம்."

"நாளைக்கு வரும்னு சொல்லுங்க."

"சின்னவரே, நாளைக்கு வருமாம். எனக்குப் பாலிஷ் கூலியோட தபால் கூலியும் சேத்துக் குடுங்கப்பா."

யாரும் சிரிக்கமாட்டார்கள். அக்கா தானே சொல்லித் தானே சிரித்துக்கொண்டு மோட்டாரைப் போடுவார்.

காரணம் அக்காவுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது பாதிதான்.

அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் செட் செய்தது சின்னவர். மேலே ஒன்று, கீழே ஒன்று. நாள்கணக்கில் உட்கார்ந்து பல் அடுக்கினார். அப்பாவின் பழைய புகைப்படத்தை மேசையில் சாய்த்துவைத்து, முன்பல்லின் சிறு கோணலைக்கூட விடாமல் வைத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. வந்த டாக்டர்கள் எல்லாம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கீழ்செட் இடது பக்கம் உறுத்தியது.

அது சகஜம். எந்தச் செட்டும் முதல் தடவையே உட்காராது. கடித்துப் பார்த்து, நீலத் தாளில் எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடித்து, ராவ வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்பாதான். ஆனால் அவர் சொல்லவில்லை. சின்னவர் செட்டை மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, ராஜா மாதிரி இருக்குடா என்றார். சின்னவர் முகம் அன்று எப்படி இருந்தது என்பதைப் பெரியவரும் பார்த்தார்.

அப்பா பெரியவரோடு லேபுக்கு மேலே இருந்த அறையில்தான் இருந்தார். பெரியவருக்கு மனைவி போய்ச் சேர்ந்து வெகு காலம். பிள்ளைகள் இல்லை. சின்னவர் குடும்பத்தோடு வேறு தெருவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவர் காலடி படியில் கேட்டதும் அப்பா செட்டை மாட்டிக்கொள்வார். தம்பிக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துச் சாப்பிடுவார். சிரிப்பார். சின்னவர் இறங்கிப் போனதும் கழற்றிப் பெரியவர் கையில் கொடுப்பார். ஈறில் ரத்தம் கட்டியிருக்கும். மற்ற நாள் எல்லாம் குழையப் பிசைந்த சாப்பாடு.

நான் ராவித் தருகிறேன் என்று பெரியவர் சொல்லிப் பார்த்தார்.

"அவன் வேலையில கை வைக்காதே" என்றார் அப்பா. "கண்டுபிடிச்சுடுவான்."

அது உண்மை. சின்னவர் தன் வேலையை விரல் நுனியால் அறிவார். ஒரு தேய்ப்பு கூடியிருந்தாலும் தெரிந்துவிடும்.

"அவன்கிட்ட நானே சொல்றேம்பா."

"நீ சொல்லக் கூடாது. எனக்கு சத்தியம் பண்ணிக் குடு."

பெரியவர் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அப்பா செட்டைத் தள்ளிவிட்டார். நான் போகும்போதும் அதைப் போடாதே, போதும் என்றார். பெரியவர் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அப்பா போனது விடிகாலையில். சின்னவர் வருவதற்குள் முகம் இறுகிவிட்டது. வாய் உள்ளே போய், மூக்கும் மோவாயும் நெருங்கி, யாரோ போல இருந்தார். வீட்டில் கிடத்தி ஆட்கள் வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர்கள், பழைய வாடிக்கைக்காரர்கள், அப்பா கட்டிய பல்லோடு வந்த கிழவர்கள்.

"பல்லு எங்கே?" என்று சின்னவர் கேட்டார்.

பெரியவரின் கை பாக்கெட்டில் இருந்தது. செட் விரலில் பட்டது.

"மறந்துட்டேன்" என்றார்.

சின்னவர் கத்தவில்லை. அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, நிதானமாகச் சொன்னார்.

"ஊர் வாய்க்கெல்லாம் பல்லு கட்டறோம். பெத்த அப்பனைப் பொக்கை வாயோட அனுப்பறான், பாருங்க."

பெரியவர் வாயைத் திறக்கவில்லை. மேல்பல் கீழ்ப்பல்லில் உட்கார்ந்தது. அன்று உட்கார்ந்ததுதான்.

அதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று தோன்றிய நாட்கள் உண்டு. தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் வாக்கியத்தை அடுக்குவார். நீ செஞ்சது அப்பாவைக் குத்துச்சு. எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்த வாக்கியம் அப்படித்தான் முடிந்தது. தம்பி வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த வேலை. அப்பா சாகும்வரை காப்பாற்றிக்கொடுத்த ஒன்று. சொன்னால் தனக்கு ஆறும். அவனுக்கு? அங்கே தாடை தானாக மூடிக்கொள்ளும்.

செட் மேல் அறையில், மூடி போட்ட பீங்கான் கிண்ணத்தில், தண்ணீரில் இருந்தது. காய்ந்தால் செட் கோணிக்கொள்ளும். அதனால் தண்ணீர் மாற்றிவந்தார். கோணினால் என்ன, யார் போடப் போகிறார்கள் என்று தன்னையே கேட்டதும் உண்டு. ஆனாலும் மாற்றினார்.

*

பேர் இல்லாத அச்சு மறுநாள் மற்ற அச்சுகளோடு வந்தது. சின்னவர் மாவு ஊற்றினார். இறுகியதும் உடைத்து எடுத்தார். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பித்தளைக் கீலில் பொருத்தினார். வாய் போலத் திறந்து மூடும் சாமான் அது.

பெரியவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித் தோன்றும்படி உட்கார்ந்திருந்தார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"யார் வாய் சின்னவரே இது? தோசைக்கல்லு மாதிரி தேஞ்சு கிடக்கு."

சின்னவர் கீலைத் திறந்து மூடினார். திறந்து மூடினார்.

"ரெண்டு பல்லு வேற காணோம். இந்தாள் பொண்டாட்டி பாவம். ராத்திரியெல்லாம் மாவு மில் ஓடற சத்தம் கேட்டிருக்கும்."

அக்கா திரும்பிப் போய் மோட்டாரைப் போட்டார்.

கீழ்வரிசை முன்பல்லில் ஒரு முனை உடைந்திருந்தது. பெரியவர் அதை மறந்தே போயிருந்தார். சின்ன வயதில் இருவரும் ஒரே சைக்கிளில் போய் விழுந்தது. ஓட்டியது தம்பி. பின்னால் உட்கார்ந்திருந்த இவர் வாய் தம்பி தலையில் மோதியது. தம்பியின் உச்சந்தலையில் இன்றும் முடி முளைக்காத ஒரு கோடு உண்டு.

சின்னவர் விரல் அந்த உடைந்த முனையில் நின்றது. நகரவில்லை. பிறகு கடைவாய்ப் பக்கம் போனது. தேய்ந்த இடத்தை ஒவ்வொன்றாகத் தடவியது. பல்லின் மேடு பள்ளம் எல்லாம் போய் மொட்டையாக இருந்தது. இரண்டு பல் இருந்த இடத்தில் நின்றது. கையை எடுத்துத் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

பெரியவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே ஒரு கடைக்காரர் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடிக்கும்வரை பார்த்தார்.

அந்தத் தட்டுக்கு ஒரு நாள் போதும். சின்னவர் அன்றும் அதற்கு அடுத்த நாளும் அதையே செய்தார். வேறு வேலைகள் குவிந்தன. அக்கா கேட்டதற்கு, இது கஷ்டமான வாய் என்றார். பெரியவருக்கு அது கேட்டது. தாடை இறுகியது. டாக்டர் சொன்னது நினைவு வந்து விலக்கினார். மீண்டும் இறுகியது.

*

இரண்டாம் நாள் மாலை அக்கா கிளம்பிப் போனார். வழக்கமாக அவர் போனதும் சின்னவரும் போய்விடுவார். இருவரும் தனியாக இருக்கும்படி விட்டதில்லை. அன்று போகவில்லை. விளக்கைப் போட்டார்.

பெரியவர் எழுந்து மேலே போகலாமா என்று பார்த்தார். மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னவர் வந்தார். அப்பா நாற்காலியிலிருந்த மாவு மூட்டையைத் தூக்கிக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். தட்டைப் பெரியவர் முன்னால் வைத்தார். கண்ணாடி போல இருந்தது. ஈரம் சொட்டியது. பக்கத்தில் நீலத் தாள் ஒன்று.

"போட்டுப் பாரு."

மூன்று வருடமாக அக்கா வழியாக வந்ததெல்லாம் மரியாதையான பேச்சு. அவர் சொன்னார், அவர்கிட்ட கேளுங்க. இப்போது நேராக, 'பாரு' என்று ஒருமையில்.

பெரியவர் தட்டை எடுத்து மாட்டினார். ஒரு சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. நன்றாகச் செய்திருந்தான். விளிம்பு எங்கும் உறுத்தவில்லை. நாக்கு வழுக்கிக்கொண்டு போனது. வாயை மூடினார்.

இடது பக்கம் முதலில் தொட்டது. ஒரு தாள் கனம்கூட இல்லை. அங்கிருந்து கம்பி காதுக்கு ஏறியது.

"எப்படி இருக்கு?"

சின்னவர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குக் கீழே சதை தொங்க ஆரம்பித்திருந்தது. இவனுக்கும் வயசாகிவிட்டது என்று பெரியவர் நினைத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து செய்திருக்கிறான். பேசாத அண்ணனுக்கு, யாரும் சொல்லாமல். இதில் போய் என்ன குறை சொல்வது? ராஜா மாதிரி இருக்குடா. வாக்கியம் தயாராக நாக்கில் வந்து நின்றது. அப்பா குரலிலேயே நின்றது.

தட்டைக் கழற்றினார்.

"இடது பக்கம் தூக்குது" என்றார்.

மூன்று வருடத்தில் தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. சொல்லிவிட்டுத் தம்பி முகத்தைப் பார்த்தார்.

முகத்தில் ஒன்றும் இல்லை. சின்னவர் தட்டை வாங்கி அவர் வாயில் திரும்ப மாட்டினார். நீலத் தாளை இடுக்கில் வைத்தார்.

"கடி. இன்னொரு தடவை."

எடுத்து விளக்கில் காட்டினார். இடது பக்கம் ஒரே ஒரு நீலப் புள்ளி. எள் அளவு. எழுந்து ராவும் மோட்டாரிடம் போனார்.

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்றார் முதுகைக் காட்டிக்கொண்டு. "உன் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? சொன்னாத்தானே ராவ முடியும்."

மோட்டார் ஓடியது. தூள் பறந்தது.

பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். தொழில்காரனுக்கு அது குறை இல்லை. வேலையில் பாதி. இது அப்பாவுக்குத் தெரியும். தனக்கும் தெரியும். இதே மேசையில் ஆயிரம் பேர் வாய்க்குச் செய்தது. அப்பாவோ தானோ அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

"அப்பாவுக்கும் அங்கதான் வலிச்சுது" என்றார்.

சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தார். மோட்டார் நின்றது.

"எது?"

"நீ செஞ்ச கீழ்செட்டு. இடது பக்கம். போட்டா புண்ணாயிடும். நீ வர்றப்ப மட்டும் போட்டுப்பார்."

சின்னவர் திரும்பவில்லை.

"எங்கிட்ட சொல்லல."

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"நீ ராவியிருக்கலாமே."

"கை வச்சா கண்டுபிடிச்சுடுவேன்னார்."

வெளியே ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. நின்றது.

"அன்னிக்கு?"

"பாக்கெட்டுல இருந்துச்சு. போகும்போதும் போடாதே, போதும்னார்."

"மறந்துட்டேன்னு சொன்னே."

"வேற என்ன சொல்றது? அத்தனை பேர் முன்னாடி?"

சின்னவர் மோட்டார் மேலிருந்த தூளைக் கையால் துடைத்தார். பிறகு கேட்டார்.

"எங்கே இருக்கு?"

"மேலே. தண்ணியில."

"கொண்டா."

பெரியவர் படியேறினார். கிண்ணத்தோடு இறங்கி வந்தார். சின்னவர் மூடியைத் திறந்தார். கீழ்செட்டை எடுத்து உதறினார். கட்டைவிரலை உள்பக்கம் வைத்து இடது ஓரமாக நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். விரல் ஓரிடத்தில் நின்றது.

மோட்டாரைப் போட்டார். செட்டை அதில் ஒரு கணம் காட்டினார். ஒரே ஒரு தேய்ப்பு. அணைத்துவிட்டு மறுபடி விரலால் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவுதான்" என்றார். "இவ்வளவுதான் வேலை."

அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மேல்செட்டையும் எடுத்து, இரண்டையும் ஈரத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெரியவரின் தட்டை மேசையில் வைத்தார். டீ போடட்டுமா என்று பெரியவர் கேட்டார். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டுப் போனார்.

பெரியவர் தட்டை மாட்டிக் கடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொட்டது.

மேலே போனபோது கிண்ணம் கையில் இருந்தது. தண்ணீரை ஊற்றிக் கழுவினார். எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தார். அப்பா போன பிறகும் அந்த அறையில் தண்ணீர் மாற்ற ஒரு வேலை இருந்தது. இனி அதுவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடத் தோன்றவில்லை.

*

காலையில் வலி இருந்தது. எழுந்து உட்கார்ந்து அது ஏறுவதற்காகக் காத்திருந்தார். காதுவரை வரவில்லை. கடைவாயிலேயே, யாரையோ எதிர்பார்ப்பது போல நின்றது. தட்டைக் கழற்றினார். எங்கே போடுவது என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு மூடினார்.

கீழே சின்னவர் வரவில்லை. எப்போதும் கதவைத் திறப்பவர் அவர். அக்கா வந்து பூட்டைப் பார்த்துவிட்டு மேலே குரல் கொடுத்தார். பெரியவர் இறங்கி வந்து திறந்தார்.

மாவு மூட்டை தரையில் இருந்தது. அப்பா நாற்காலி காலியாக இருந்தது. அக்கா இரண்டையும் பார்த்தார். கேட்கவில்லை. அதிசயமாகச் சும்மா இருந்தார்.

வேலை ஓடவில்லை. மெழுகைச் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கினார் பெரியவர். நேற்று குவிந்த அச்சுகள் தம்பி பக்கம் அப்படியே கிடந்தன.

அக்காவின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தார்.

"சின்னவர் வீட்டம்மா. இன்னிக்கு வரமாட்டாராம். ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காராம். வாயே திறக்கலையாம்." போனை மேசையில் வைத்தார். "என்ன சொல்லட்டும், பெரியவரே?"

பெரியவர் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். கடைவாயில் பல் பல்லைத் தேடிப் போவது தெரிந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. நானே பேசறேன்."

தம்பியின் எண் அவர் போனில் இல்லை. அக்காவிடம் வாங்கினார். சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் உதட்டை மூடி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.